அம்மணி கேட்காத பாட்டு

உ

கோயம்புத்தூர்
6-1-1983

மைமூனுக்கு,

தலைச்சோலை அம்மணி எழுதுவது. கடிதத்தை நலம் விசாரித்துத் தொடங்க வேண்டும் என்று பள்ளிக்கூடத்தில் நம் இருவருக்கும் ஒரே டீச்சர்தான் சொல்லிக்கொடுத்தார். ஒன்றேகால் வருடமாக நீ என் நலத்தை விசாரிக்கவில்லை, நானும் உன் நலத்தை விசாரிக்கவில்லை. அதனால் நேரே விஷயத்துக்கு வருகிறேன்.

என் தங்கை வீராயிக்குக் கல்யாணம் முடிவாகியிருக்கிறது. மாப்பிள்ளைக்கு ஊர் கரடியூர். வைகாசி ஒன்பதாம் தேதி, திங்கட்கிழமை. நம் ஜெயமேரி டீச்சர் எழுதியிருந்தார். என்னை இங்கே மில் விடுதியில் சேர்த்துவிட்டதும் அவர்தான். அம்மா இல்லாத வீட்டில் தங்கைக்குத் தலைவாரிப் பூ வைக்க நான் போக வேண்டும். அப்பா வர வேண்டாம் என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்.

ஏன் என்று உனக்குத் தெரியும். ஆனால் என் வாயால் நீ கேட்டதில்லை, இப்போது கேள். 1981 ஐப்பசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம். எஸ்டேட் லைன் வீடுகளில் எல்லோரும் வேலையில்லாமல் உட்கார்ந்திருந்தோம். ரேடியோவில் நேயர் விருப்பம். ஒரு டூயட் பாட்டைச் சொல்லி, 'விரும்பிக் கேட்டவர்கள், ஏற்காடு தலைச்சோலையிலிருந்து அம்மணி, தேவசிகாமணி' என்று அறிவிப்பாளர் அம்மாள் இனிமையாகப் படித்தாள். தேவசிகாமணி எங்கள் எஸ்டேட்டில் கணக்கு எழுதும் ரைட்டர். பெண்டாட்டியும் இரண்டு பிள்ளைகளும் உள்ளவர். மொத்த லைனும் திரும்பி என்னைப் பார்த்தது. எனக்கு ஒன்றுமே புரியவில்லை, நான் சிரித்துவிட்டேன். அந்தச் சிரிப்பையும் பிறகு எனக்கு எதிராகச் சொன்னார்கள்.

அடுத்த ஞாயிறும் வந்தது. அதற்கடுத்த ஞாயிறும். பதினோரு வாரம், மைமூன். வேறு வேறு பாட்டு, அதே இரண்டு பெயர். ரைட்டர் பெண்டாட்டி எங்கள் வாசலில் வந்து மண்ணை வாரி இறைத்தாள். ரைட்டரை வேறு எஸ்டேட்டுக்கு மாற்றினார்கள். நான் எழுதவில்லை என்று அப்பா காலைப் பிடித்துக்கொண்டு சொன்னேன். அவர் என்னை அடிக்கவில்லை. "நீ எழுதிப் போடலைன்னா ரேடியோக்காரனுக்கு உம்பேரு எப்படித் தெரியும் கண்ணு?" என்று கேட்டார். இன்றைக்கு வரைக்கும் அதற்கு என்னிடம் பதில் இல்லை.

உன்னிடம் இருக்கும். தபாலாபீஸ் மூடியிருந்தால் கார்டு உங்கள் கடையில்தான் கிடைக்கும். எழுதத் தெரியாதவர்கள் உன்னிடம்தான் எழுதி வாங்குவார்கள். யார் எழுதினார்கள் என்று அப்பாவிடம் நீ ஒரு வார்த்தை சொன்னால் நான் வீட்டுக்குப் போகலாம். வேறு எதுவும் உன்னிடம் கேட்கவில்லை.

அம்மணி

786

ஏற்காடு
19-1-1983

அன்புள்ள அம்மணி,

உன் கடிதம் வந்ததும் எனக்குக் கைகால் ஓடவில்லை. நல்லவேளை, அத்தா தொழுகைக்குப் போயிருந்தார், தபால்காரரிடம் நானே வாங்கினேன். நீ எப்படி இருக்கிறாய்? மில்லில் சாப்பாடு எப்படி? பஞ்சு மூக்கில் ஏறினால் வெல்லம் சாப்பிட வேண்டும் என்று அம்மா சொல்கிறார்கள்.

இங்கே பனி கொட்டுகிறது. கடைக்கு வருகிறவர்கள் எல்லாம் கம்பளிக்குள் இருந்துகொண்டே பேசுகிறார்கள், எந்தக் குரல் யாருடையது என்று கண்டுபிடிப்பதே எனக்குப் பொழுதுபோக்கு. அத்தா கடைக்கு வெளியே புதிதாகப் பெயர்ப்பலகை மாட்டியிருக்கிறார். சையத் இப்ராஹிம் அண்ட் சன் என்று எழுதியிருக்கிறது. சன் யார் என்று கேட்டேன். பிறக்கப்போகிற மருமகன் என்றார். மருமகன் பிறந்து இருபத்தாறு வருடம் ஆகிவிட்டது என்பதுதான் செய்தி. சேலம் கோட்டையில் ஜவுளிக்கடை வைத்திருக்கிறார்கள். பெயர் ஜாபர் அலி. போட்டோவில் பார்த்தேன், மீசை கொஞ்சம் அதிகம், மற்றபடி பரவாயில்லை. ரம்ஜான் முடிந்து நிக்காஹ்.

நீ கேட்டதற்கு வருகிறேன். கடையில் ஆயிரம் பேர் கார்டு வாங்குகிறார்கள், யார் எதற்கு வாங்கினார்கள் என்று நான் எப்படிச் சொல்ல முடியும்? ஒருவரைச் சொல்லி அது தப்பாகிவிட்டால் பாவம் இல்லையா? எனக்கென்னவோ முதல் கார்டை எழுதியவர்கள் கெட்ட எண்ணத்தில் எழுதியிருக்க மாட்டார்கள் என்று தோன்றுகிறது. வீராயி பெயரையும் சேர்த்துத்தானே எழுதியிருந்தார்கள், கெட்ட எண்ணம் இருந்தால் சின்னப் பெண்ணின் பெயரைச் சேர்ப்பார்களா? பிறகு வம்புக்காரப் பையன்கள் பிடித்துக்கொண்டார்கள். ஊர் வாய் இரண்டு வருடத்தில் தானாக மூடிக்கொள்ளும், நீ மறந்துவிடு.

இன்னொன்று. அடுத்த முறை அனுப்புநர் இடத்தில் உன் பெயரைப் போடாதே. ஜெயமேரி டீச்சர் என்று போட்டுவிடு. தப்பாக நினைக்காதே, கல்யாணம் பேசியிருக்கிற வீடு.

உன் மைமூன்

உ

கோயம்புத்தூர்
25-1-1983

மைமூனுக்கு,

ரேடியோவில் வந்தது இரண்டு பெயர். பதினோரு வாரமும் இரண்டே இரண்டு பெயர். வீராயி பெயர் ஒருநாளும் வரவில்லை.

முதல் கார்டில் அவள் பெயர் இருந்தது உனக்கு எப்படித் தெரியும்?

பதில் வரும் வரைக்கும் வேறு எதுவும் எழுதமாட்டேன். அனுப்புநர் இடத்தில் நீ சொன்னபடியே ஜெயமேரி டீச்சர் பெயரைப் போட்டிருக்கிறேன். டீச்சர் பெயரில் பொய் எழுதுவது இதுதான் முதல் தடவை.

அம்மணி

786

ஏற்காடு
2-3-1983

அம்மணி,

ஒரு மாதமாக எழுதி எழுதிக் கிழித்தேன். அம்மா அடுப்பு பற்றவைக்கக் காகிதம் கேட்டால் நான் தைரியமாகக் கொடுக்கிற நிலைமை.

நான்தான் எழுதினேன். முதல் கார்டு மட்டும்.

உனக்கு நினைவிருக்கிறதா, பள்ளிக்கூடம் விட்டு வரும்போது நீதான் சொல்வாய், 'ஒரே ஒரு தடவை என் பெயர் ரேடியோவில் வந்தால் போதும், செத்தாலும் பரவாயில்லை' என்று. அந்த ஆசையை நான் நிறைவேற்றி வைக்க நினைத்தேன். கடையில் சும்மா உட்கார்ந்திருந்த ஒரு மத்தியானம் கார்டு எழுதினேன். அம்மணி, மைமூன், வீராயி என்றுதான் முதலில் எழுதினேன். பிறகு பயம் வந்துவிட்டது. அத்தா ஞாயிற்றுக்கிழமை கடையில் ரேடியோ வைத்துக் கேட்பார், பத்துப் பேர் நிற்பார்கள், அங்கே மைமூன் என்று வந்தால் என் தோலை உரித்துவிடுவார். அதனால் அந்தக் கார்டைக் கிழித்துவிட்டு வேறு கார்டில் என் பெயர் இருந்த இடத்தில் வேறு ஒரு பெயரைப் போட்டேன். மேசையில் லாரி ஆபீஸ் ரசீது கிடந்தது. அதில் தேவசிகாமணி என்று கையெழுத்து. நல்ல பெயராக இருக்கிறதே என்று போட்டுவிட்டேன். உங்கள் ரைட்டருக்கும் அதே பெயர் என்று எனக்குத் தெரியாது. அல்லாஹ் அறிய உன்னைச் சந்தோஷப்படுத்தத்தான் செய்தேன். வீராயி பெயரை அவர்கள் ஏன் விட்டுவிட்டார்கள் என்று தெரியவில்லை.

அந்த ஞாயிறு கேட்டபோது எனக்குக் கை தட்டத் தோன்றியது. அடுத்த ஞாயிறு மறுபடி வந்தபோதுதான் வேறு யாரோ எழுதுகிறார்கள் என்று புரிந்தது. அதற்குள் வாயைத் திறக்க முடியாதபடி ஆகிவிட்டது.

அம்மணி, இதை யாரிடமும் சொல்லிவிடாதே. ஜாபர் அலி வீட்டுக்குத் தெரிந்தால் என் கதை முடிந்தது. உன் அப்பாவிடம் வேறு ஏதாவது காரணம் சொல்ல யோசிக்கிறேன், எனக்குக் கொஞ்சம் நாள் கொடு.

மைமூன்

உ

கோயம்புத்தூர்
14-3-1983

மைமூனுக்கு,

லாரி ரசீதா?

1981 புரட்டாசியில், நான் கோயிலுக்குப் போய்விட்டுத் திரும்பும் வழியில் நீ கூட நடந்து வந்தபோது, எங்கள் எஸ்டேட்டுக்கு வந்திருக்கிற புது ரைட்டர் பெண்களை வாங்க போங்க என்று பேசுகிறார், எனக்கு அது பிடித்திருக்கிறது என்று உன்னிடம் சொன்னேன். உன்னிடம் மட்டும்தான். அவர் பேர் என்ன என்று நீ கேட்டாய். சொன்னேன். அம்மணிக்கு ஏற்ற சிகாமணி என்று சொல்லிவிட்டு நீ வழியெல்லாம் சிரித்தாய். பிடித்திருக்கிறது என்று நான் சொன்னது ஒரு மனிதர் மரியாதையாகப் பேசுவதைப் பற்றி. பிறந்ததிலிருந்து எங்களை வாடி போடி என்றே எல்லோரும் கூப்பிட்டிருக்கிறார்கள், அதனால் சொன்னேன். நீ கடைக்காரர் மகள், உனக்கு அது புரிந்திருக்காது.

பொய்யைக் கழித்துவிட்டு மிச்சத்தை எடுத்துக்கொண்டேன்.

பிறகு என்ன நடந்தது என்று சொல்கிறேன். அவர்கள் என்னை நேயர் என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். காப்பிப் பழம் பறிக்கப் போனால், "ஏனுங்க நேயரே, இன்னைக்கு என்ன பாட்டுங்க?" குழாயடியில் குடத்தை வைத்தால், "வழி உடுங்க, நேயர் வராங்க." எங்கள் வீட்டுக் கதவில் சாக்கட்டியால் நேயர் இல்லம் என்று எழுதினார்கள். அழித்தால் மறுநாள் எழுதியிருந்தது. மூன்று வயதுக் குழந்தை ஒன்று என்னைப் பார்த்து நேயர் என்றது, அதற்கு அதுதான் என் பெயர் என்று எண்ணம். எல்லோரும் நொம்ப மரியாதையாகச் சொன்னார்கள். ஒரு கெட்ட வார்த்தை கிடையாது. யாரும் என் மேல் கை வைக்கவில்லை. போலீசில் போய் என்னவென்று சொல்வேன்? ரேடியோவில் எனக்குப் பாட்டுப் போடுகிறார்கள் என்றா?

விடுதியில் ஒரு அகராதி இருக்கிறது. நேயர் என்றால் அன்புடையவர் என்று போட்டிருக்கிறது. எனக்குச் செய்ததற்கு என்ன பெயர் என்றும் தேடினேன். அடித்தால் அடி என்று சொல்லலாம், திருடினால் திருட்டு என்று சொல்லலாம். ஒருவர் எங்கோ உட்கார்ந்து பெயர் போடாமல் ஒரு கார்டு எழுத, அதைப் பார்த்து இன்னொருவர் எழுத, அதை ஜில்லா முழுக்கக் கேட்க, கேட்டவர்கள் எல்லாம் ஆளுக்கொரு வார்த்தை சேர்க்க, அது வீட்டுக்குள்ளேயே வந்து பேச, கதவைச் சாத்தினாலும் பேச, இதற்கு ஒரு சொல் இல்லை. ஜெயமேரி டீச்சரிடம் எழுதிக் கேட்டேன். கேலி என்று சொல்லலாம் என்றார். கேலி என்றால் எனக்கும் கொஞ்சம் சிரிப்பு வரவேண்டும் அல்லவா. பெயர் இல்லாத காரணத்தால்தான் யாரும் செய்ததாகவே ஆகவில்லை.

எனக்கு நீ அழ வேண்டாம், மன்னிப்பு வேண்டாம். தலைச்சோலைக்கு ஏறிப் போய் என் அப்பா முன்னால் நின்று, 'முதல் கார்டு நான் எழுதினேன், அம்மணிக்குத் தெரியாது' என்று சொல். இரண்டு வரி. அவர் யாரிடமும் சொல்லமாட்டார், பேசவே காசு கேட்கிற மனிதர்.

அம்மணி

786

ஏற்காடு
11-4-1983

அம்மணி,

போனேன். நம்பு, போனேன். தலைச்சோலையில் அம்மாவுக்குக் கோழி முட்டை வாங்கி வருவதாகச் சொல்லிவிட்டுப் போனேன்.

உன் அப்பா வாசலில் உட்கார்ந்து செடி கழிக்கிற கவாத்துக் கத்தியைத் தீட்டிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றுவிட்டார். வீராயி தண்ணீர் கொடுத்தாள். வளர்ந்துவிட்டாள், உன் தாவணியைக் கட்டியிருந்தாள். நான் பேச்சை எடுத்தேன். "ஏனுங்க, அம்மணி மேல தப்பு இல்லீங்க. வேற யாரோ எழுதிப் போட்டிருக்காங்க" என்றேன். யாரோ என்றுதான் வாயில் வந்தது.

அவர் கத்தியைக் கீழே வைத்தார். பிறகு சொன்னார், "ஏஞ்சாமி, புயல் வருதுன்னு ரேடியோ சொல்லுது, வருது. மந்திரி செத்துட்டாருன்னு சொல்லுது, செத்துத்தான் போயிருக்காரு. அது எம்புள்ள விசயத்துல மட்டும் பொய் சொல்லுமா?"

நான்தான் என்று அப்போது சொல்லியிருக்க வேண்டும். பக்கத்து வாசலில் இரண்டு பெண்கள் முறத்தைக் கையில் வைத்துக்கொண்டு புடைக்காமல் நின்றார்கள். முட்டை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

நீ என்னைத் திட்டு. இன்னும் ஒன்றும் இருக்கிறது, அதையும் சேர்த்துத் திட்டு. பிறகு வந்த கார்டுகளில் நாலு கார்டுக்கு நான்தான் விலாசம் எழுதிக் கொடுத்தேன். பையன்கள் கடையில் வந்து கேட்டார்கள், "ரேடியோவுக்கு எப்படிங்க எழுதறது?" என்று. மாட்டேன் என்றால் ஏன் என்று கேட்பார்களே என்று பயம். ஒருவன் சொன்னதைக் கேட்டு நானும் சிரித்தேன். எந்த ராத்திரியும் அந்தச் சிரிப்பு ஞாபகம் வராமல் நான் தூங்கியதில்லை.

ஆனால் ஒரு வழி செய்துவிட்டேன். உன் அப்பா மனிதர்கள் சொல்வதை நம்பமாட்டார், ரேடியோ சொல்வதைத்தான் நம்புவார். அப்படியானால் ரேடியோவே சொல்லட்டும். நேயர் விருப்பத்துக்கே கடிதம் எழுதிப் போட்டுவிட்டேன். 'ஐயா, 1981இல் தலைச்சோலை அம்மணி, தேவசிகாமணி என்று நீங்கள் படித்த கார்டை எழுதியவள் நான். அம்மணிக்கு ஒன்றும் தெரியாது. தயவுசெய்து இதை வாசிக்கவும். மைமூன், ஏற்காடு.' பெயரை மறைக்கவில்லை அம்மணி. என் பெயர் வந்தால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். தெரிந்தேதான் போட்டேன். முதல் தடவை செய்யாததை இப்போது செய்திருக்கிறேன், கல்யாணத்துக்குள் வந்துவிடும், நீ வீட்டுக்குப் போவாய்.

மைமூன்

உ

கோயம்புத்தூர்
16-4-1983

மைமூன்,

உடனே இன்னொரு கடிதம் எழுதி அதை நிறுத்து. வாசிக்க வேண்டாம் என்று எழுது. கடிதம் போய்ச் சேராது என்று தோன்றினால் தந்தி கொடு.

அவர்களுக்குப் பெயர்தான் வேண்டும். அந்தக் கார்டில் வீராயி பெயரை எப்படி விட்டார்களோ அப்படி வேண்டாததை விட்டுவிடுவார்கள். மூன்று நிமிடப் பாட்டுக்கு முன்னால் உன் மனசாட்சியைப் படிக்க அவர்களுக்கு நேரம் இருக்காது.

இதைக் கேள். நீ போய் வந்த பிறகு அப்பா டீச்சரிடம் போயிருக்கிறார். கடைக்காரர் மகள் இவ்வளவு தூரம் ஏறி வந்து சொல்லியிருக்கிறாள், அதில் ஏதோ இருக்கிறது என்று சொன்னாராம். கல்யாணத்துக்கு முந்தின நாள் நான் வரலாம், உள்ளே இருந்துகொள்ளலாம், மாப்பிள்ளை வீட்டார் முன்னால் வரக்கூடாது, அவ்வளவுதான். எனக்கு அதுவே போதும். நீ யாரோ என்று சொன்னதுகூடப் பலித்திருக்கிறது. உன் கடிதம் மட்டும் வேண்டாம். தயவுசெய்து.

மில்லில் ஐந்து நாள் லீவு கேட்டிருக்கிறேன். வீராயிக்கு ஒரு சேலை எடுத்திருக்கிறேன், மாம்பழக் கலர்.

அம்மணி

786

ஏற்காடு
28-5-1983

அம்மணி,

நீ எழுதியதும் அன்றைக்கே நிறுத்தச் சொல்லி எழுதினேன். தந்தி கொடுக்கப் போனேன், கொடுக்கிற இடத்தில் அத்தாவின் சிநேகிதர் இருந்தார், திரும்பிவிட்டேன். ஐந்து ஞாயிறு கழிந்தது, வரவில்லை. நின்றுவிட்டது என்றே நினைத்தேன்.

22ஆம் தேதி கடையில் அத்தா, இரண்டு லாரிக்காரர்கள், சேலத்திலிருந்து வந்திருந்த ஜாபர் அலியின் பெரியப்பா. ரேடியோவில் அந்த அம்மாள் படித்ததை என்னால் எழுத்துக்கு எழுத்து சொல்ல முடியும். 'ஏற்காட்டிலிருந்து நேயர் மைமூன் எழுதுகிறார். முன்பு தலைச்சோலை அம்மணி, தேவசிகாமணி விரும்பிக் கேட்ட பாடலுக்குக் கார்டு எழுதியது தானே என்று நினைவுகூர்கிறார். இத்தனை காலமாக நம்மோடு இருக்கும் அம்மணி, தேவசிகாமணி, மைமூன் மூவருக்காகவும் இதோ மீண்டும் அதே பாடல்.'

நினைவுகூர்கிறாராம்.

அத்தா ரேடியோவை நிறுத்தவில்லை. பாட்டு முடியும் வரைக்கும் நின்றார், பெரியப்பா இருந்ததால். பெரியப்பா டீயைக் குடித்து முடித்து, "பொண்ணு ரேடியோவுக்கெல்லாம் எழுதுமுங்களா?" என்று மட்டும் கேட்டார். வியாழக்கிழமை போட்டோவைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். நான் கடையில் உட்காரக்கூடாது. ஜன்னலுக்குக் கீழே நின்று நேற்று ஒருவன், "நேயர் மைமூன் இருக்காங்களா?" என்று கேட்டான். குரலை வைத்து யார் என்று கண்டுபிடித்துவிட்டேன். அந்த நாலு கார்டில் ஒன்று அவனுடையது.

அன்றைக்கு நீ தலைச்சோலையில் இருந்தாய் என்று தெரியும். என்ன ஆயிற்று? உண்மையைச் சொல், தாங்கிக்கொள்வேன். எனக்கு இப்போது உன்னைத் தவிர இதைப் பேச ஆள் இல்லை. அதைக் கேட்கவும் வெட்கமாக இருக்கிறது.

மைமூன்

உ

கோயம்புத்தூர்
9-6-1983

மைமூனுக்கு,

வீராயி கல்யாணம் நல்லபடியாக நடந்ததாம். டீச்சர் எழுதினார். நான் பார்க்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் போய்ச் சேர்ந்தேன். அப்பா என் பையைக் கையிலிருந்து வாங்கி உள்ளே வைத்தார். வீராயி கழுத்தைக் கட்டிக்கொண்டு விடவில்லை. மதியம் மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள், நான் உள் அறையில் இருந்தேன், தேங்காய் துருவினேன். இரண்டரை மணிக்குப் பக்கத்து லைனில் ரேடியோ பாடிக்கொண்டிருந்தது. பெயர் வந்ததும் யாரோ சத்தத்தைக் கூட்டினார்கள். பிறகு வாசலில் நின்ற பையன்களில் ஒருவன் கை தட்டினான், மற்றவர்களும் தட்டினார்கள். மாப்பிள்ளையின் அத்தை, "யாருங்க அது, உங்க பெரிய புள்ளைங்களா?" என்றாள். அப்பா உள்ளே வந்தார். "கண்ணு, நாலு மணிக்கு ஒரு பஸ் இருக்குது" என்றார்.

ரோட்டு வரைக்கும் அவரே பையைத் தூக்கி வந்தார். நின்றுகொண்டிருந்தபோது சொன்னார், "திரும்பத் திரும்ப உம்பேரையே சொல்லுதே. அந்த ரேடியோக்காரனுக்கு உம்மேல என்ன பகை கண்ணு?" "நீ எழுதலைன்னு நம்பறன். ஆனா நான் ஒருத்தன் நம்பி என்ன ஆவறது" என்றார். ஒன்றரை வருடமாக அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் காத்திருந்தேன். கையில் வாங்கிப் பார்த்தால் அதை வைத்துக்கொண்டு எங்கும் போக முடியாது.

உன் கல்யாணம் நின்றது எனக்குச் சந்தோஷமா என்று மனசுக்குள் தேடிப் பார்த்தேன். இல்லை. உன் மேல் கோபம் இருக்கிறது, அது போகாது. ஆனாலும் உனக்கு இப்போது நடப்பது எனக்கு மட்டும்தான் தெரியும், அதனால் சொல்கிறேன். யாருக்கும் விளக்கம் எழுதாதே, சொல்லாதே, அது அவர்களுக்கு இன்னொரு கார்டு. கும்பலாக நிற்கிற இடத்தில் நடையைக் கூட்டாதே, கூட்டினால் பின்னாலேயே வருவார்கள். அழுகை வந்தால் அடுப்படியில் வெங்காயத்தோடு அழுதுகொள். முதல் ஆறு மாதம் சோறு இறங்காது, கஞ்சியாகக் குடித்துவிடு. வீட்டில் ரேடியோ பாடும்போது எழுந்து போகாதே, போனால் நீ செய்தது என்பார்கள். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பாதே. காது கேளாதவள் மாதிரி நட. நான் அப்படித்தான் தலைச்சோலையில் கடைசி மாதங்களை ஓட்டினேன், அது நன்றாகவே பழகிவிடும்.

பழகிப்போவதில் ஒரு கெடுதல் உண்டு, அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். பஸ் வந்தது, ஏறினேன். அப்பா பையை ஜன்னல் வழியாகக் கொடுத்தார். வண்டி நகர்ந்து கொஞ்ச தூரம் போனதும் பின்னாலிருந்து "அம்மணி" என்று ஒரு சத்தம். இரண்டாவது தடவையும் கேட்டது. அந்த ரோட்டில் யார் என் பெயரைச் சொன்னாலும் எதற்குச் சொல்வார்கள் என்று எனக்குத் தெரியும். நான் நேரே முன்னால் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இரண்டு வளைவு தாண்டிய பிறகுதான் அது யார் குரல் என்று உறைத்தது. அப்பா என்னைக் கண்ணு என்றுதான் கூப்பிடுவார், பெயரைச் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதே இல்லை. கண்டக்டரிடம் நிறுத்தச் சொன்னேன். மலையில் நிறுத்த முடியாது என்றார்.

அவர் எதற்குக் கூப்பிட்டார் என்று தெரியவில்லை. திரும்பி வரச் சொல்லியா, சும்மாவா. டீச்சர் மூலமாகக் கேட்டால் சும்மாதான் என்று சொல்லிவிடுவார். எழுதிக் கேட்கலாம் என்றால் அவருக்குப் படிக்கத் தெரியாது, படித்துச் சொல்ல வீராயியும் இப்போது வீட்டில் இல்லை. லைனில் வேறு யாரிடமாவது கொடுத்துத்தான் படிக்கச் சொல்ல வேண்டும். அவர்கள் அதைச் சத்தமாகப் படிப்பார்கள்.

அம்மணி